குவைத்துக்குப் போன கைப்பயிற்சி கேசட்

அன்றைக்கு வரதராசன்பேட்டை வீட்டில் இருந்தவர்கள்: என் மாமனார், மாமியார், என் மனைவி செலின், அவள் தங்கை ரோஸி, செபமாலை சொல்ல வந்திருந்த உபதேசியார், அப்புறம் நான். நடுவில் முக்காலி மேல் ஒரு டேப்ரெக்கார்டர். இதில் யாராவது ஒருத்தர் வராமல் போயிருந்தாலும் என் மானம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். (டேப்ரெக்கார்டர் வராமல் போயிருந்தால் முழுசாகவே மிஞ்சியிருக்கும்.)

கவலைப்படுவதுதான் எனக்கு முதல் தொழில். தையல் அதற்கப்புறம். ஒன்பதாவதில் கணக்கு வாத்தியார் கிள்ளுவார் என்று கேள்விப்பட்டு எட்டாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன் நான். ஆண்டிமடத்தில் சின்னதாகத் தையல் கடை வைத்திருந்தேன். எண்பதுகளில் ஒரு கோடைகாலத்தில் கோலிசோடா பாட்டில் என் கையிலேயே வெடித்தது. வலது உள்ளங்கை கிழிந்து, இரண்டு விரலுக்குப் போகிற நரம்பு அறுந்துபோனது. டாக்டர் தைத்துவிட்டார். (அவர் தையலை நான் குறை சொல்லவில்லை. இடைவெளி மட்டும் சீராக இல்லை.) காயம் ஆறியும் அந்த இரண்டு விரலும் மடங்க மாட்டேன் என்று நின்றுவிட்டன. கடையைப் பூட்டிவிட்டுச் செலினோடு மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு, பெரம்பலூரிலிருந்து வாரம் இரண்டு நாள் ஒரு மேடம் வருவார். அறைக்கு வெளியே 'ஆக்குபேஷனல் தெரபி' என்று பலகை இருக்கும். அதைச் சொல்வதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதால் நாங்கள் 'பொத்தான் மேடம்' என்போம். சட்டைத்துணியும் பொத்தானும் அடித்த ஒரு மரப்பலகையைத்தான் முதலில் நம் முன்னால் வைப்பார். உருக்கிய மெழுகில் கையை முக்கச் சொல்வார், களிமண் பிசையச் சொல்வார். ஆனால் அவர் கேட்பது எப்போதும் வீட்டைப் பற்றித்தான். பல் விளக்க முடியுதா, சோறு பிசைய முடியுதா, சட்டை போட முடியுதா?

"தினமும் என்ன செஞ்சீங்க, என்ன முடியலைன்னு எழுதிட்டு வாங்க" என்றார்.

"எழுதுற கைதாங்க மேடம் அடிபட்டது."

"வூட்ல டேப்ரெக்கார்டர் இருக்கா?"

இருந்தது. ரோஸியின் கணவன், என் சகலை அந்தோணி, குவைத்திலிருந்து அனுப்பியது. அப்போதெல்லாம் கடிதம் எழுதுவதைவிடக் கேசட்டில் பேசி, லீவு முடிந்து திரும்புகிற யாரிடமாவது கொடுத்துவிடுவதுதான் வழக்கம்.

"அப்ப பேசிட்டு வாங்க. நீங்களும் நானும்தான் கேப்போம். வேற யாருக்காவது போட்டுக் காட்டணும்னா உங்கள்ட்ட கேட்டுட்டுத்தான். சரியா?"

"சரிங்க." (எனக்குப் புரிந்ததோ இல்லையோ, படித்தவர்கள் என்ன கேட்டாலும் என் பதில் அதுதான்.)

இதில் ஒரு சிக்கல் இருந்தது. குவைத்தில் ஒரு தையல் கடையில் அந்தோணி எனக்கு வேலை பேசி வைத்திருந்தான். விசா வரவேண்டியது மட்டும்தான் பாக்கி. அதனால் 'கை நல்லாயிடுச்சு, அரியலூர் போறது சும்மா காட்டிட்டு வரத்தான்' என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். தினமும் காலையில் என் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிற செலினுக்கும், அந்தக் கேசட்டுக்கும் மட்டும்தான் உண்மை தெரியும். இது வெளியே போனால் விசா போச்சு. ஆண்டிமடம் கடையைத் திறக்கவும் கையில்லை.

ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். கேசட் மேல் 'மாதா பாட்டு' என்று செலினை எழுதச் சொன்னேன். அதை யாரும் தானாக எடுத்துப் போட்டுக் கேட்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. ரோஸியும் புருஷனுக்குப் பேசிய கேசட்டை யாரும் கேட்டுவிடக் கூடாதென்று அதே மாதிரி 'மாதா பாட்டு' என்று எழுதி, அதே அலமாரியில் வைத்திருந்தாள். (உண்மையான மாதா பாட்டு கேசட் அந்த வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது.)

ஞாயிற்றுக்கிழமை ஒருவர் குவைத்துக்குக் கிளம்பினார். ரோஸி அவரிடம் கேசட்டைக் கொடுத்தனுப்பினாள். செவ்வாய்க்கிழமை நான் அரியலூர் போய் மேடத்திடம் கேசட்டை நீட்டினேன். அவர் பொத்தானை அமுக்கினார்.

"என்னங்க... வூட்ல எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டாங்க, அதான் பேசுறேன். நேத்து ராத்திரி கனவுல நீங்க..."

டக்கென்று நிறுத்தினார் மேடம். எனக்கு மண்டையில் கோலிசோடா இன்னொரு தடவை வெடித்தது. ரோஸியின் குரல் இங்கே இருக்கிறதென்றால் என் குரல் எங்கே?

"மேடம், இன்னும் கொஞ்சம் ஓடவிட்டா, என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்காளான்னு..."

"அவங்க பேசுனது அவங்க வூட்டுக்காரருக்கு. எனக்கில்ல, உங்களுக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரைக் கேசட்டைச் சுற்றி ஒட்டி, அதன் மேல் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ரோஸியிடம் கேசட்டைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

"அந்தம்மா எவ்வளவு கேட்டாங்க மாமா?"

"ரெண்டு வரி."

"எந்த ரெண்டு வரி?"

நான் மாட்டைப் பார்க்கிற மாதிரி கொல்லைப் பக்கம் போய்விட்டேன். (அந்த வீட்டில் மாடும் கிடையாது.)

அன்று ராத்திரி தூங்கவில்லை. காலையில் ரோஸியிடமே கடன் வாங்கிக்கொண்டு தந்தி ஆபீசுக்கு ஓடினேன்.

"யாருக்குய்யா என்ன ஆச்சு?" என்றார் கிளார்க்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க. அதைத்தான் சொல்லணும்."

"அதைச் சொல்ல எதுக்குய்யா தந்தி?"

'கேசட்டைக் கேட்காதே' என்றேன். அதைப் படித்து அவன் பதறிவிடக் கூடாதே என்று 'பயப்படாதே' சேர்த்தேன். அதற்கும் மேலே ஒரு ஆறுதலுக்கு 'எல்லாரும் நலம்' என்று முடித்தேன். கிளார்க் அதை இங்கிலீஷில் எழுதிவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அப்புறம் எத்தனையோ வாரம், வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே எனக்கு வியர்க்கும்.

கடைசியில் லீவில் வந்த ஒருவர் கேசட்டைக் கொண்டுவந்து மாமனார் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதே கேசட். செலினின் கையெழுத்தில் அதே 'மாதா பாட்டு'. மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. செபமாலை முடிந்ததும், "குவைத்துக்குப் போயும் நம்ம அந்தோணி மாதாவை மறக்கல பாருங்க" என்று உபதேசியாரிடம் சொல்லிக்கொண்டே அதைப் போட்டுவிட்டார்.

"மேடம், வணக்கங்க. சவரிமுத்து பேசுறேன். இன்னைக்கும் பொத்தான் போட முடியலைங்க. செலின்தான் போட்டுவிட்டுச்சு. வெளியில நானே போட்டேன்னு சொல்லியிருக்கேன்..."

பாய்ந்தேன். நிறுத்துகிற கட்டையை அமுக்கினேன். அவசரத்தில் வலது கையை நீட்டிவிட்டேன். விரல் வழுக்கியது. மறுபடி அமுக்கினேன். மறுபடி வழுக்கியது. இத்தனை மாதப் பயிற்சிக்கும் அங்கேயே பரீட்சை நடந்தது. நான் பெயில்.

"...கத்திரிக்கோலைப் பிடிச்சா நழுவுதுங்க. அத்தை பண்ற வாழைக்கா வறுவலை எடுக்க முடியல, அதுல எனக்கு வருத்தம் இல்லைங்க. தினமும் சாயங்காலம் மாமா விசாவைப் பத்திக் கேப்பாரு. அப்ப மட்டும் இந்த ரெண்டு விரலும் தானா மடங்குதுங்க. அவரையே பயிற்சிக்குக் கூட்டியாரலாமான்னு பாக்குறேன்."

முழங்கையால் ஒரு குத்து விட்டேன். முக்காலிதான் ஆடியது.

"விடுங்க மாப்ள" என்றார் மாமனார். குரல் இரும்பு மாதிரி இருந்தது. "கேப்போம்."

என் குரல் முடிந்த இடத்தில் ஒரு கூட்டமே கத்தியது: "அண்ணே! பொத்தான் போட்டாச்சா?"

அப்புறம் அந்தோணி: "அண்ணே, தந்தி வந்ததுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. எல்லாரும் நலம்னா யாரோ போயிட்டாங்கன்னுதானே அர்த்தம்? ரூம்ல ஒருத்தரும் என்னைத் தனியா விடல. கேசட் வந்ததும் எல்லாரும் என் கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்துதான் கேட்டாங்க. தனியாக் கேட்டிருந்தா நான் மட்டும் சிரிச்சிருப்பேன். அந்த வேலைக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டேண்ணே. இந்தக் கையோட வந்தா மறு பிளேன்லயே திருப்பி அனுப்பிடுவான். மொதல்ல கையப் பாருங்க. அடியே ரோஸி, உன் கேசட்டு எங்கடி?"

கேசட் நின்றது. உபதேசியார் பழக்க தோஷத்தில் "ஆமென்" என்றார். மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போனார். பாத்திரம் உருளும் சத்தம் பலமாகக் கேட்டது.

விசா போய்விட்டது. மாமனார் என்ன சொல்லப் போகிறாரோ என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கையக் காட்டுங்க" என்றார்.

நீட்டினேன். அந்த இரண்டு விரலையும் பிடித்து மெதுவாக மடக்கிப் பார்த்தார். அந்த வீட்டில் செலினைத் தவிர யாரும் அதுவரை அந்தக் கையைத் தொட்டதில்லை. தொட விடாமல் மறைத்தது நான்தான்.

"அரியலூருக்கு எப்ப போறீங்க?"

"செவ்வாக்கிழமைங்க மாமா."

"நானும் வரேன். பயிற்சிக்குக் கூட்டியாரணும்னு சொன்னீங்கள்ல."

வந்தார். ஒவ்வொரு செவ்வாயும் வந்தார். நான் பொத்தான் போடப் போட, எதிரில் உட்கார்ந்துகொண்டு "விசா என்னாச்சு மாப்ள?" என்று கேட்பார். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

குவைத் போய்வந்த கேசட்டை மேடத்திடமே கொடுத்து வைத்திருந்தேன். ஒருநாள் கேட்டார்: "அந்தக் கேசட்டைத் திருச்சியில இந்த வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா? ரொம்ப உபயோகமா இருக்கும்."

"குவைத்தே கேட்டாச்சு மேடம். இனிமே என்னாங்க இருக்கு?"

"அவங்க கேட்டது விபத்து. நான் போட்டா, அது நான் செஞ்சது. அதனாலதான் கேக்குறேன். வேணாம்னாலும் உங்க பயிற்சி நிக்காது."

என் வாழ்க்கையில் முதல்முறையாகப் படித்தவர் ஒருவரிடம் "வேணாங்க" என்றேன். அவர் ஒன்றும் கோபப்படவில்லை. என் எதிரிலேயே கேசட்டை முழுசாக அழித்து, என் கையிலேயே கொடுத்தார்.

கை முக்கால்வாசி வந்தது. அதை வைத்தே ஆண்டிமடம் கடையை மறுபடி திறந்தேன். குவைத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை. ஆனால் இன்றைக்கும் அந்தோணி போன் போட்டால் நலமா என்றெல்லாம் கேட்பதில்லை. "அண்ணே, பொத்தான் போட்டாச்சா?" என்பான். என் பேத்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஓடிவிடுவாள்.

தந்திக்கு வாங்கின கடனை ரோஸியிடம் எத்தனையோ தடவை நீட்டிப் பார்த்துவிட்டேன். வாங்க மாட்டேன் என்கிறாள். "எந்த ரெண்டு வரின்னு சொல்லுங்க மாமா, அப்பறம் வாங்கிக்கிறேன்." சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அந்தோணிக்குப் பேசியது.

ஆகவே பாக்கி அப்படியே நிற்கிறது: நாற்பத்தெட்டு ரூபாய்.