சமாதானத்துக்காக இரண்டு ஆழ்துளைக் கிணறுகள்

கடலோரத்தில் நீச்சல்குளம் எதற்கு என்று கேட்பவர்கள் நாகரிகம் அறியாதவர்கள். கடலில் குளித்தால் உப்பும் மணலும் ஒட்டும். நீலக் குளத்தில் கிடந்தபடி கடலைப் பார்ப்பதுதான் இப்போதைய மோஸ்தர். அப்படிப் பார்ப்பதற்கென்றே, வட்டக்கோட்டைக்குப் போகும் வழியில் எங்கள் தெருவில் இரண்டு ரிசார்ட்டுகள் எழும்பின. ஒன்று துபாயிலிருந்து திரும்பிய சுயம்புராஜுடையது. மற்றது தேங்காய் மொத்த வியாபாரி முருகதாஸுடையது. இரண்டு மதில்களுக்கும் நடுவில் ரெஜிலாவின் சாயாக்கடையும் கிணறும். தெரு முழுக்க அந்தக் கிணற்றில்தான் வாளி போட்டுக் குடிதண்ணீர் கோரியது.

"முன்னெச்சரிக்கைக்குத்தான், வேறு உள்நோக்கம் கிடையாது" என்று சொல்லி சுயம்புராஜ் ஆழ்துளைக் கிணறு போட்டார். உள்நோக்கம் இல்லாதவன் அதை ஏன் சொல்ல வேண்டும் என்று முருகதாஸுக்குத் தூக்கம் போயிற்று. அவர் இன்னும் ஆழமாகப் போட்டார், தற்காப்புக்காக. அதைக் கண்டு சுயம்புராஜ் மறுபடி இயந்திரத்தை வரவழைத்தார். அதுவும் தற்காப்புக்காகத்தான். தாக்குகிறவர் யாருமே இல்லாமல், இரண்டு தற்காப்புகளும் பூமிக்குள் போய்க்கொண்டே இருந்தன.

ரெஜிலாவின் கிணற்றில் வாளி தரை தட்டியது. அவள் நிலத்தடி நல்லிணக்க அலுவலர் பகவதியப்பனிடம் ஓடினாள்.

"சாரே, ரெண்டு பேரையும் நிறுத்தச் சொல்லுங்க. எனக்க கெணறு வத்திப்போனா தெருவே தொண்ட காஞ்சு போவும்."

"யாரை முதல்ல நிறுத்தச் சொல்ல? முதல்ல நிறுத்துகவன் தோத்தவன் ஆயிருவான். அது பாரபட்சம்."

"அப்பம் ஒண்ணா நிறுத்தச் சொல்லுங்க."

"அவன் நிறுத்தினத பாத்துட்டு நான் நிறுத்துகேன்னு ரெண்டு பேரும் எழுதித் தந்திருக்காவ. ஒத்த கருத்து வந்திருக்கு பாத்தியளா? பெரிய முன்னேற்றம்."

"எனக்க கெணறு?"

"தகராறுல நீங்க ஒரு தரப்பே இல்லியே. தரப்பு இல்லாதவங்க மனுவ நான் எங்க வைக்க?"

அவள் போனபின் அலுவலர் ஆழ்ந்து சிந்தித்தார். ஆழம் குறைந்தவனுக்குத்தான் பயம். ஆழம் சமமானால் பயம் போகும். பயம் போனால் சமாதானம் வரும். ஆகவே, "ஆழம் குறைந்த தரப்பினர் மேற்படி ஆழத்தை உடனடியாக எட்டுமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறார்கள்" என்று உத்தரவு பிறந்தது. முருகதாஸ் எட்டினார். அளந்த கயிறு நனைந்து சுருங்கியிருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஒரு குழாய் கூடுதலாகவும் இறக்கினார். அந்தக் கூடுதலை சுயம்புராஜ் சமாதான விரோதச் செயலாகக் கருதினார்.

இதற்குள் தெருவும் இரண்டாகிவிட்டது. சுயம்புராஜ் நீல பனியன் கொடுத்தார், முருகதாஸ் சிவப்பு. வீட்டுக் குடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லாதவர்கள்கூட, "நம்ம ஆளுக்க குழாய் எம்புட்டு ஆழம் போயிருக்கு தெரியுமாலே?" என்று மார்தட்டினார்கள். கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நான் நீலம்.

ஒருநாள் காலை இரண்டு நீச்சல்குளங்களிலும் ஆழ்துளைக் குழாய் வழியே கடல் வந்து விழுந்தது. உப்பென்றால் அப்படி ஓர் உப்பு.

சுயம்புராஜ் மதில்மேல் ஏறினார். "ஏலே, கடலைத் திறந்து விட்டியாலே?"

"நீதாம்ல திறந்த! எனக்க குளத்த நாசமாக்கிட்டியே!" என்றார் முருகதாஸ்.

யுத்தம் மூண்டது. குழாய்த் துண்டுகளும் தென்னை மட்டைகளும் கற்களும் பறந்தன. நடுவில் இருந்ததால் இரு தரப்பு ஆயுதங்களும் ரெஜிலாவின் கடையில்தான் விழுந்தன. பாய்லர் நசுங்கியது, கூரை ஓடு நொறுங்கியது. இரு தரப்பும் வெற்றி பெற்றதாக அறிவித்தன. அவள் கிணற்றிலும் உப்பு ஏறிவிட்டது. பிறந்ததிலிருந்து நான் குடித்த தண்ணீர், வாயில் வைக்க முடியவில்லை.

பகவதியப்பன் நேரில் வந்து மூன்று இடத்துத் தண்ணீரையும் நாக்கில் விட்டுப் பார்த்தார். "அனைவரது நீரும் சம அளவில் உப்பாக உள்ளது. சமநிலை எட்டப்பட்டது" என்று மேலிடத்துக்கு எழுதினார்.

மறுநாள் குடிதண்ணீர் லாரி வந்தது. நீலம் ஒரு வரிசை, சிவப்பு ஒரு வரிசை. ரெஜிலா குடத்தோடு நடுவில் வந்து நின்றாள்.

"மக்கா, ஒரு குடம் விடுங்க. பிள்ளையளுக்குக் குடிக்க இல்ல."

"நீ எந்த வரிச?" என்று இரண்டு வரிசையும் ஒரே குரலில் கேட்டன.

"எனக்க கெணத்துல கோரும்ப நான் உங்ககிட்ட வரிச கேட்டனா?"

நியாயமான கேள்விதான். ஆனால் வரிசைக்கு வெளியே இருந்து வந்த கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? நாங்கள் குடங்களை நகர்த்தினோம். லாரியில் கடைசியாக நிரம்பியது என் குடம். அவளைப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு நடந்தேன். என்ன இருந்தாலும், எதிர் வரிசையின் கடைசிச் சிவப்புக்காரனைவிட எனக்கு அரைக் குடம் கூடுதல்.