மட்டமான திருத்தம்

மனித குலம் கண்ட நிவாரணங்களில் எல்லாம் தலைசிறந்தது, கோளாறைக் கண்டுபிடிக்காமல் இருப்பதே. அந்த உயரிய நெறியைப் பன்னிரண்டு ஆண்டுகளாக வழுவாமல் காத்து வந்தது வயர்லெஸ் சோதனை அலுவலகம். ஆம்புலன்ஸ்களில் பொருத்தும் வயர்லெஸ் செட்டுகளுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் தருவது அதன் திருப்பணி. ஒரு செட்டாவது தேறாமல் போனதாகச் சரித்திரம் இல்லை.

அந்தப் புகழில் மண்ணை அள்ளிப் போட்டவள் அங்கே சோதனை செய்யும் பெண்மணி. அரை டெசிபலுக்குக்கூட மல்லுக்கு நிற்பதால் எல்லாருக்கும் அவள் 'டெசிபல் அக்கா'.

செட்டுகளுக்குச் சிக்னல் கொடுத்துப் பார்க்கும் ஜெனரேட்டர் மீதே ஒரு திங்கட்கிழமை அவளுக்குச் சந்தேகம் வந்தது. கேபிள் நுனியில் பவர் மீட்டரை மாட்டி, ஒவ்வோர் அலைவரிசையாக அளந்தாள். திரை காட்டிய சக்தி எங்கும் ஒன்றுதான். வெளியே வந்ததோ மேடும் பள்ளமுமாக; ஆம்புலன்ஸ் பேசும் அலைவரிசையில் ஆறு மடங்கு! கிசுகிசுத்துக் காதைச் சோதிக்க வேண்டிய இயந்திரம் காட்டுக்கத்தல் கத்திக்கொண்டிருந்தது. எங்கெங்கே எவ்வளவு கூடுதல், குறைவு என்று அதன் நினைவகத்தில் ஏற்றி, 'திருத்தம்' பொத்தானை அழுத்தி, மறுபடி அளந்தாள். அளவுக் கோடு நேராகப் படுத்துக்கொண்டது. அவள் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. கையோடு, ஏற்கெனவே தேறி, சான்றிதழுக்காக அலமாரியில் காத்திருந்த நாற்பது செட்டுகளையும் சோதித்தாள். பால் திரிந்தது.

இயக்குநரிடம் ஓடினாள்.

"சார், ஜெனரேட்டர் இப்ப மட்டமாயிடுச்சு!"

"ஐயையோ, நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

"மேடுபள்ளம் இல்லாம ஒரே மட்டமா இருக்குன்னேன் சார். ஆனா பதினோரு செட்டு ஃபெயில்."

"நீ திருத்தறதுக்கு முன்னாடி எத்தனை ஃபெயில்?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப செட்டைக் கெடுத்தது எது?"

உடனே நால்வர் குழு கூடியது. இரண்டு சுற்றுத் தேநீருக்குப் பின், 'திருத்தம் செட்டுகளுக்குத் தீங்கிழைப்பது ஐயமற நிரூபணமானதால், அப்பொத்தான் இனி அழுத்தப்படலாகாது' என்று தீர்மானம் நிறைவேறியது.

"செவிட்டு செட்டு வண்டியில போனா என்ன சார் ஆகும்?" என்றாள்.

"வண்டியில போயிட்டா அது நம்ம ஆபீஸ்ல இல்லையேம்மா!"

அந்தப் பதினோரு செட்டின் சான்றிதழிலும் அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். இயக்குநர் ஒரே மூச்சில் தாமே போட்டு முடித்தார். 'தலைமைப் பண்பு' என்பது அதுதான். அவளுக்கு வரவேற்பு மேசையில் 'பொறுப்பான' வேலை கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்து ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் செட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த மேசை முன் வந்து நின்றார்.

"கூப்பிட்டது கேக்கவே இல்லம்மா. மூச்சுத் திணறலோட ஒரு பெரியவர் நாப்பது நிமிஷம் மாடிப்படியில காத்திருந்தாரு. நான் போறப்ப... படியிலயே முடிஞ்சிடுச்சு."

அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஓட்டுநரை நேரே இயக்குநர் முன் கொண்டுபோய் நிறுத்தினாள்.

இயக்குநர் சற்றும் பதறவில்லை. செட்டை வாங்கி, 'திருத்தம்' பொத்தானைத் தொடாமல் ஜெனரேட்டரில் மாட்டினார். செட்டு கணீரென்று ஒலித்தது. "பாருங்க, எவ்வளவு நல்லாக் கேக்குது!"

"அந்த மெஷின் ஆறு மடங்கு கத்துதுங்கண்ணா, அதான் கேக்குது," என்றாள் அவள் ஓட்டுநரிடம்.

ஓட்டுநர் செட்டைக் கழற்றி மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு இயக்குநரைப் பார்த்து மரியாதையாகவே கேட்டார்:

"ஆறு மடங்கு கத்தினா இந்த செட்டுக்குக் கேக்குதுங்க சார். உங்களுக்குக் கேக்க எத்தனை மடங்கு கத்தணும்?"