செங்கம் ரோட்டு டைனோசர்

எம்.எஸ்ஸி. விலங்கியல் முதலாண்டு படிக்கும் யாரிடமும் எலும்பைக் காட்டாதீர்கள். நான் அனுபவப்பட்டவள்.

தொண்ணூறுகளின் கடைசி. விடுமுறைக்கு வந்தவள், செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் தென்னங்கன்று நடக் குழி வெட்டினேன். மண்ணோடு எலும்புகள் வந்தன. கழுவி, அம்மாவின் புது பெட்ஷீட்டில் பரப்பினேன் (அதற்குத் தனியாகத் திட்டு வாங்கிக்கொண்டேன்).

கால் எலும்பு உள்ளே வெறும் குழல். நெஞ்சருகே கவட்டை போல ஓர் எலும்பு. சந்தேகமில்லை, பறவை. ஆனால் வால்? பறவைக்கு வாலெலும்பு குட்டையாக முடிந்துவிடும். இதுவோ கணுக்கணுவாக முழ நீளம்! தாடையில் கூரான பற்கள் வேறு. பறவை போன்ற டைனோசர், அதுவும் புது இனம்! எங்கள் ஊர் பெயரிலேயே 'அருணைசாரஸ்' என்று பெயரும் வைத்துவிட்டேன். (எங்கள் ஊர்ப் பாறையில் புதைபடிவம் கிடைக்காது என்று வகுப்பில் சொன்ன அன்று நான் லீவு.)

கிரிவலம் வந்திருந்த எங்கள் பேராசிரியரை ஆட்டோவில் ஏற்றி நேரே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா மட்டும், "எதுக்குமா நோண்டிக்கினு? மூடிடலாம்" என்று காலையிலிருந்தே முனகிக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் வாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்லாயிடுச்சான்னு எப்படிம்மா பாத்த?"

"நாக்குல வெச்சா ஒட்டும் சார்." கால் எலும்பை எடுத்து எல்லார் முன்னாலும் நக்கினேன். "ஒட்டுது சார்!"

"துப்புமா! துப்பு!" அப்பா அலறினார். "அது வான்கோழி!"

அப்பாவுக்குக் கறியே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்த சமயம். மாடியில் குடியிருந்த ஜெர்மன்காரர் கிறிஸ்துமஸுக்கு வான்கோழி சமைத்திருக்கிறார். அம்மா ஊரில் இல்லை. அப்பா மொட்டை மாடியில் விருந்து முடித்து, தடயத்தைப் புதைத்திருக்கிறார்.

"அப்ப வாலு?" என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

"அது நம்ம நாய் கடிச்சுப் போட்ட உடும்பும்மா. அதுக்குத் தனியா இன்னொரு குழி எதுக்குன்னு..."

பேராசிரியர் சிரிப்பை விழுங்கினார். "நீ பாத்ததெல்லாம் கரெக்ட்தாம்மா. ரெண்டு பிராணின்னுதான் தோணல."

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஏங்க, முழு வான்கோழியா?"

இப்போது நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். ஊருக்குப் போனால், டாக்டர் அனுமதியோடு அளவாய்க் கறி சாப்பிடும் அப்பாவின் தட்டோரத்து எலும்புகளைக் காட்டி அம்மா குரல் கொடுப்பாள்: "ஏய் விலங்கியல், இங்க வா! இது நான் போட்ட துண்டா, இல்ல புது இனமான்னு பாத்துச் சொல்லு."