பரவை மார்க்கெட்டில் என் கண்ணீர் அஞ்சலி

பயந்த சுபாவம் உள்ளவர்கள்தான் துப்பறியும் தொடர்களை விடாமல் பார்ப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். தைரியசாலிக்கு அது வெறும் கதை, பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவான். பயந்தவனுக்கோ கொலைகாரன் பிடிபட்டால்தான் எழுந்து பாத்ரூம் பக்கமே போக முடியும். நான் இரண்டாவது வகை. (முதல் வகை என்று சில பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர்கள் கண்ணில் இது படாமல் இருக்கட்டும்.)

அப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. சென்னையில் ஒரு தனியார் துப்பறிவாளர். கத்தரி வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். போலீஸ் கைவிட்ட கேஸ்தான் அவரிடம் வரும். பிணம் கிடக்கிற அறைக்குள் நுழைந்து, சுற்றிலும் பார்த்து, தாடையைச் சொறிந்துகொண்டே வாராவாரம் ஒரே வசனத்தைச் சொல்வார்: “இருக்கிறதை எல்லாரும் பார்ப்பாங்க. இங்க எது இல்லைன்னு பாருங்க.” மேஜையில் மூக்குக்கண்ணாடி இருக்கும், அதன் கூடு இருக்காது. அவ்வளவுதான், மைத்துனன் மாட்டிக்கொள்வான். தலையணையைக் கட்டிக்கொண்டு விரலிடுக்கு வழியாக அத்தனை எபிசோடும் பார்த்தவன் நான்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு பிளெக்ஸ், போஸ்டர் கடையில் டிசைனர். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் நம் கைவண்ணம்தான். ஊரில் யாராவது போய்விட்டால் முதலில் டாக்டருக்குத் தெரியும், அடுத்து எனக்குத் தெரியும். அடித்து முடித்த அஞ்சலி போஸ்டர்களைக் கட்டாகக் கட்டிக் கடை வாசல் பெஞ்சில் வைத்துவிடுவோம். விடிவதற்கு முன்னால் பால்பாண்டி அண்ணன் பசை வாளியோடு வந்து எடுத்துப் போய் ஒட்டிவிடுவார். யார், என்ன என்று கேட்பதில்லை. அந்த பெஞ்சில் ஏறிய கட்டு சுவரில் ஏறியே தீரும்.

ஒரு நாள் அந்தத் தொடரின் ஆள் ஒருவர் கடைக்குள் வந்து நின்றார். துப்பறிவாளர் ஒரு கொலையை விசாரிக்க மதுரைக்கே வருகிறாராம். கூடல்நகர் பக்கம் ஒரு வீட்டில் ஷூட்டிங். செத்துப்போன தொழிலதிபருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டும், வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஒட்ட. செத்தவராகப் போட யாருடைய போட்டோவாவது இருக்கிறதா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் என் போட்டோ கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. நீலச் சட்டை, லேசான புன்னகை. என் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்தது.

தொழிலதிபர் தனசேகரன் என்று பெயர் போட்டோம். கீழே சொந்தக்காரர்கள் பெயர் வேண்டாம், கேமராவில் தெரியாது, போட்டோ பெரிதாக இருந்தால் போதும் என்றார் அவர். பெயர் விட்டுப்போனால் எங்கள் ஊரில் கைகலப்பே ஆகிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். சுவருக்கு வேண்டியது கொஞ்சம்தான் என்றாலும் நூறுக்குக் குறைந்து எங்கள் கடையில் அடிப்பதில்லை. தேவைப்பட்டதை அவர் எடுத்துக்கொண்டு போனார். மீதிக் கட்டு எங்கே போயிற்று என்று நான் யோசிக்கவே இல்லை. போட்டோவில் இருக்கிற ஆளே பிணமாகவும் படுக்க வேண்டும், காலையில் வந்துவிடுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். பிறகு எனக்கு எங்கே யோசனை ஓடும்?

இங்கே செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கும் எனக்கும் நிச்சயமாகிவிட்டது. சோழவந்தான்காரி. அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் அவளுடைய அம்மா என்றால் எனக்குப் பயம். வெற்றிலைக் கொடிக்காலைத் தனி ஆளாக நின்று நடத்துகிறவர். சகுனம் பார்ப்பதில் புலி. பெண் பார்க்க நாங்கள் போன ஆட்டோ பஞ்சரானதற்கு ஒரு மாதம் பேச்சையே நிறுத்திவைத்தார். நிச்சயத் தட்டில் பல்லி விழுந்தபோது சபையிலேயே சொல்லிவிட்டார், இன்னொரு தடை வந்தால் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று. அதனால் ஷூட்டிங் விஷயத்தை அவர்கள் வீட்டில் நான் மூச்சுவிடவில்லை. என் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். தொடர் ஒளிபரப்பாகும் நாளில், கல்யாணம் முடிந்த மாப்பிள்ளையாக அவர்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, டிவியில் என்னை நானே காட்டுவதாகத் திட்டம்.

காலையில் முகத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ பூசினார்கள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. மேக்கப்காரர் என் காதருகே குனிந்து ஒரு விஷயம் சொன்னார். பிணமாகப் படுத்தவர் ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க வேண்டும், சிரித்தால்தான் தோஷம் கழியும், சிரிக்காமல் போய்விடாதீர்கள் என்றார். நான் தலையாட்டினேன். தாடை கட்டியிருந்ததால் வேறெதுவும் முடியவில்லை.

படுத்த பிறகுதான் பயம் வந்தது. ஒப்பாரி வைக்க உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து நிஜமான ஒப்பாரிக்காரப் பெண்களைக் கூட்டி வந்திருந்தார்கள். ஒருத்தி என் மார்பில் அடித்து, கல்யாணக் கோலம் பார்க்கக் காத்திருந்தேனே என்று ராகத்தோடு இழுத்தாள். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவனுக்குக் கைகால் நிஜமாகவே ஜில்லிட்டுவிட்டது. துப்பறிவாளர் வந்தார், என் தலைமாட்டில் நின்றார், தாடையைச் சொறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் வசனத்தைச் சொன்னதும் பிணத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்னொரு டேக் எடுத்தார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில், என் ஷாட்டில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும்போது, செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். திரை முழுக்க மிஸ்டு கால். கூடப் படித்தவன் ஒருவனைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் கட் செய்துவிட்டான். இன்னொருவன் ‘முருகா’ என்று சொல்லிவிட்டுக் கட் செய்தான். கடைசியில் பால்பாண்டி அண்ணனைப் பிடித்தேன்.

“அண்ணே, குமாரு பேசுறேன்.”

“எந்தக் குமாரு?”

“போஸ்டர்ல இருக்கிற குமாரு.”

அந்தப் பக்கம் பசை வாளி கீழே விழுந்தது. பிறகு அழுகை. அழுகைக்கு நடுவே விஷயம் வந்தது. மீதிக் கட்டு பெஞ்சில் இருந்திருக்கிறது. வைத்தவன் நான்தான். தனசேகரன் என்று இருக்கிறதே, சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன். அதுதான் சர்டிபிகேட் பெயர் என்று நினைத்தாராம்.

“எங்கெங்கண்ணே ஒட்டுனீங்க?”

“நம்ம ரூட்டு சமயநல்லூரு வரைக்கும்தான். ஆனா நீ நம்ம வீட்டுப் புள்ளையாச்சே, மனசு கேக்கல. சோழவந்தான் வரைக்கும் போயி ஒட்டிட்டு வந்தேன். பொண்ணு வீட்டுத் தெருவையும் விடல. காசு கீசெல்லாம் வேணாம்டா.”

அன்றைக்குத்தான் செல்வியும் அவளுடைய அப்பா அம்மாவும் முகூர்த்தப் பட்டு எடுக்க மதுரைக்கு வருகிறார்கள். மிஸ்டு கால் வரிசையில் அவளிடமிருந்து ஒன்றே ஒன்று இருந்தது. திருப்பிக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆப். ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி. இருட்டோடு எழுந்து கொடிக்காலுக்குப் போய், அங்கிருந்தே பஸ் ஏறுவோம் என்று சொல்லியிருந்தாள். அப்படியானால் தெருவில் ஒட்டியதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் பஸ் பரவையில் நிற்கும். அங்கே மார்க்கெட் சுவர்தான் அண்ணனுக்கு மிகப் பிரியமான சுவர். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். ஷாட் பாக்கி இருக்கிறது என்று யாரோ பின்னால் ஓடி வந்தார்கள்.

வழியெல்லாம் நானே இருந்தேன். விளாங்குடி நிழற்குடையில் நான், மின்பெட்டியில் நான், டீக்கடைப் பக்கவாட்டில் தலைகீழாக நான். ‘எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திச் சென்றாயே’ என்ற வரியும் நான் எழுதியதுதான். அதைப் படிக்கும்போது என் கண்ணே கலங்கியது. அப்படியே போய்விட்டால் அம்மா என்ன செய்வாள் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்துவிட்டேன். ஸ்கூட்டர் பள்ளத்தில் இறங்கி ஏறியது.

பரவை மார்க்கெட் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தது. அண்ணன் அப்பியிருந்த பசை அவ்வளவு தடிமன், இன்னும் முழுதாகக் காயவில்லை. நகத்தால் சுரண்டி என் நெற்றியை உரித்தேன், பிறகு ஒரு கண்ணை. மூக்குக்கு வந்தபோது பின்னாலிருந்து சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது. காய்கறி மூட்டை இறக்குகிறவர், நல்ல ஆகிருதி.

“செத்தவன் போஸ்டரக் கிழிக்கிறியே, நீயெல்லாம் மனுசனாடா?”

கூட்டம் கூடிவிட்டது. மதுரையில் அடுத்தவர் போஸ்டரைக் கிழிப்பது எப்பேர்ப்பட்ட குற்றம் என்று போஸ்டர் அடிக்கிற எனக்குத் தெரியாதா? அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு திரும்பினேன். அடி விழவில்லை. காலரிலிருந்து கை மெதுவாகக் கழன்றது. கண்ணைத் திறந்தால் எல்லோரும் பத்தடி தள்ளி நின்றார்கள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாம்பல் முகத்தோடு, தாடைத்துணி கழுத்தில் தொங்க, ஒரு மூக்கில் பஞ்சோடு நான் வந்திருந்தேன். யாரோ ஒருவர், கால் தரையில் பாவுகிறதா பாருங்கப்பா என்றார். அத்தனை பேரும் என் செருப்பைப் பார்த்தார்கள். (நானும் பார்த்தேன்.) பயத்திலும் ஒருவர்கூட செல்போனைக் கீழே இறக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சோழவந்தான் பஸ் வந்து நின்றது.

ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு முதலில் அத்தை, அதாவது செல்வியின் அம்மா, இறங்கினார். அடுத்து மாமா. கடைசியில் செல்வி, கண் சிவந்திருந்தது. கல்யாணம் போயிற்று என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுவர் பக்கம் வந்தார். முழுதாக இருந்த போஸ்டரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“அத்தை, நான் சாகலை அத்தை.”

“அது காலையில எங்க தெருவுல போஸ்டரப் பாத்தப்பவே தெரியும் மாப்ள. இந்தப் புள்ளதான் கேக்காம அழுதுகிட்டு வருது.”

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, என் முகம் கேட்டிருக்க வேண்டும். அத்தை போஸ்டரின் அடிப்பகுதியை விரலால் தட்டினார்.

“எங்க பேரு எங்க? பொண்ணு குடுக்கப் போற வீட்டுப் பேரு இல்லாம உங்களுக்கு ஒரு போஸ்டர் வந்துருமா? உங்கம்மா விட்ருவாகளா, நான்தேன் விட்ருவேனா? இருக்கிறத எல்லாரும் பாப்பாக. எது இல்லைன்னு பாக்கணும்.” சொல்லிவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

அவரும் வெள்ளிக்கிழமை ஆள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். துப்பறிவாளர் மதுரைக்கு வந்திருப்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு உயிர் திரும்பியது. ஆனால் அத்தை என் மூக்குப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொணமா படுத்தீகளா?”

படுத்தேன் என்றேன்.

“எந்திரிச்சுச் சிரிச்சீகளா?”

நடிகர்கள் பேட்டி ஒன்றைக்கூட விடாமல் பார்ப்பவர் போலிருக்கிறது. இல்லை என்று தலையாட்டினேன். அத்தையின் முகம் மாறியது. பஞ்சரான ஆட்டோவைப் பார்த்த அதே முகம், பல்லியைப் பார்த்த அதே முகம். அன்று முழுவதும் நான் பட்ட பயமெல்லாம் சும்மா, இதுதான் பயம் என்று அப்போது புரிந்தது.

“இப்பவே சிரிங்க. இல்லைன்னா அடுத்த பஸ்ஸுல நாங்க ஊருக்குப் போறோம். பட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

கேமரா இல்லையே அத்தை என்று முனகினேன். அவர் கூட்டத்தைக் காட்டினார். பரவை மார்க்கெட்டில் இருந்த செல்போன் எல்லாம் என் முகத்துக்கு நேரே இருந்தன.

சிரிப்பு வரவில்லை. பயந்தவனைச் சிரிக்கச் சொன்னால் எங்கிருந்து வரும்? வாயைத் திறந்து ‘ஹ’ என்றேன். இருமல் போல் வந்தது. அத்தை மாமாவிடம் பஸ் நேரம் கேட்டார். என் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அப்போது செல்வி முன்னால் வந்து, என் மூக்கிலிருந்த பஞ்சின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது. மேக்கப்காரர் தாராள மனசுக்காரர். பாதியில் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டது. அவள் சிரித்ததும் எனக்கும் வந்துவிட்டது, அழுகையும் சிரிப்புமாக, வாய்விட்டு, நிறுத்த முடியாமல். சாம்பல் முகம் சிரித்ததைப் பார்த்து மூட்டைக்காரர்தான் முதலில் ஓடினார். கீரை விற்ற அம்மா கூடையை விட்டுவிட்டு ஓடினார். அந்த வீடியோ என்னைவிட வேகமாகத் தமிழ்நாடெல்லாம் சுற்றியது.

அன்று சாயங்காலமே பட்டு எடுத்தோம். பால்பாண்டி அண்ணன் பரிகாரமாக, என் கண்ணீர் அஞ்சலி ஒட்டிய சுவர் ஒவ்வொன்றிலும் அதன் மேலேயே கல்யாண போஸ்டரை ஒட்டினார். அதில் அத்தை வீட்டுப் பெயர்கள் போக மிச்சமிருந்த இடத்தில்தான் எங்கள் போட்டோ. தொடர் ஒளிபரப்பான வெள்ளிக்கிழமை குடும்பமே உட்கார்ந்து பார்த்தோம். துப்பறிவாளரின் கோட்டு என் முகத்தை மறைத்துவிட்டது. தெரிந்தது கட்டிய கால் பெருவிரல் மட்டும்தான். அத்தை மட்டும் அதைப் பார்த்து, மாப்பிள்ளை நன்றாகச் செய்திருக்கிறார் என்றார்.

போன மாதம் எனக்கு நெஞ்சில் வலி. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து உடம்பெல்லாம் ஒயர் ஒட்டினார்கள். நிஜமாகவே முடிந்தது என்று நினைத்தேன். செல்வியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். சோழவந்தானிலிருந்து அத்தை வந்து கதவைத் திறந்தார். கட்டிலைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

“போஸ்டருக்கு எங்க பேரை இன்னும் யாரும் கேக்கவே இல்லை. ஒண்ணும் ஆகாது, எந்திரிங்க மாப்ள.”

வாய்வுதான் என்று டாக்டர் அப்புறம் வந்து சொன்னார். அதற்குள் நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன்.