அஞ்சு சுரமும் ஒரு கட்டு மிலாறும்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை விறகுக்குப் போவதில்லை என்று 1962ஆம் ஆண்டு தவக்காலத்தில் தீர்மானம் செய்தேன். தவக்காலத்தில் மற்றவர்கள் இறைச்சியை விடுவார்கள். நான் விறகை விட்டேன்.

காரணம், ஒரு கிட்டார். சீமைக்குக் கப்பலேறிய சின்னத் துரை விட்டுப்போனது. தேயிலை ஸ்டோரில் இலை வாட்டுகிற என் கையில் அது வந்து சேர்ந்ததும், ஹட்டனில் வாத்தியக் குழு வைத்திருந்த ஜோர்ஜ் மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். ஜூன் மாதம் எங்கள் தோட்டத்து அந்தோனியார் திருவிழாவில் பாட்டுக்கு நடுவே தனியாக வாசிக்க இடம் தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை. மனப்பாடம் கூடாது. அந்த நிமிஷத்தில் தோன்றுவதை வாசிக்க வேண்டும்.

"இந்த அஞ்சு சுரந்தான் ஸ்கேல். இதுக்குள்ள எப்படிப் போனாலும் தப்பு வராது. முதல்ல கேள்வி கேக்குற மாதிரி வாசி. கொஞ்சம் நிப்பாட்டு. அப்புறம் பதில் சொல்ற மாதிரி வாசி. கடைசியில முதல் சுரத்துக்கே வீடு திரும்பிரு" என்றார்.

வீட்டுக்கு வந்து அஞ்சு சுரமும் ஏறினேன். அஞ்சு சுரமும் இறங்கினேன். வேறெதுவும் தோன்றவில்லை. கேள்வியாவது எப்படியோ வந்தது. பதில்தான் வரவில்லை. கல்யாணமாகிப் பதினொரு வருஷம், பதில் சொல்லிப் பழக்கமே விட்டுப்போயிருந்தது.

ஆகவே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். நாலு கேள்வி, நாலு பதில் முன்கூட்டியே கட்டி மனப்பாடம் செய்துவிடுவது. மேடையில் கண்ணை மூடி, அப்போதுதான் வானத்திலிருந்து இறங்கியது போல் வாசிப்பது. வெளியே கேட்கக் கூடாதென்று எங்கள் லயத்து வீட்டுக் கதவைச் சாத்தி, இடுக்கில் கம்பளியைச் செருகிக்கொண்டு தினமும் பழகினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி றோசலின் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"வெறகு இல்லீங்க. கவ்வாத்து மலையில மிலாறு வெட்டிப் போட்டிருக்காங்க." தேயிலைச் செடியைக் கவ்வாத்து பண்ணிக் கழித்துப் போட்ட குச்சிக்குத்தான் மிலாறு என்று பேர்; தோட்டத்தில் அடுப்பெரிவது அதில்தான்.

"நான் ஸ்கேல் பழகிக்கிட்டு இருக்கேன்."

"தினமும் ஒரே மாதிரித்தானே கேக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு அப்படித்தான் கேக்கும். நான் அப்பப்பத் தோணுறதத்தான் வாசிக்கிறேன். திருவிழாவுல பாரு, ஒருத்தரும் இதுவரைக்கும் கேட்டிருக்க மாட்டாங்க."

"கேட்டிருந்தா?"

"ஆயுசு பூரா வெறகுக்கு நான் போறேன்."

"கேட்டிருக்கலைன்னா நான் போறேன்" என்றாள். அந்தோனியார் படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அவள் சிரிக்கவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

திருவிழா வந்தது. பூசை முடிந்து கோயில் முற்றத்தில் பாட்டு. ஜோர்ஜ் மாஸ்டர் தலையசைத்தார். நான் கண்ணை மூடி முதல் கேள்வியை வாசித்தேன். அவர் சொன்னபடியே கொஞ்சம் நிறுத்தினேன்.

அந்த இடைவெளியில், நான் அடுத்து வாசிக்க வேண்டிய பதிலைக் கீழே பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் சேர்ந்து பாடினார்கள். வார்த்தை வேறு போட்டு.

"மிலாறு கெடக்கு மலையிலே, எங்க மாமன் கெடக்கான் மூலையிலே."

எங்கள் லயத்துச் சுவர் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடு. நடுச்சுவர் எதுவும் ஆள் உயரத்துக்கு மேல் போகாது. மேலே எல்லாருக்கும் ஒரே தகரக் கூரை. கீழே இடுக்கை அடைத்துவிட்டு, மேலே பன்னிரண்டு வீட்டுக்கும் திறந்து வைத்து மூன்று மாதம் இரகசியம் காத்திருக்கிறேன். றோசலின் அதற்கு வார்த்தை கட்டிக் கொழுந்தெடுக்கிற மலையில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு ராசம்மாவின் கைக்குழந்தைக்கு அதுதான் தாலாட்டாம்.

மானம் போகிற பயத்தில் மனப்பாடத்தை விட்டேன். அஞ்சு சுரத்துக்குள் கை போன பக்கம் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக நிஜமாகவே அந்த நிமிஷத்தில் தோன்றியதை வாசித்து நிறுத்தினேன். பெண்கள் வாயடைத்துப் போனார்கள். சத்தியத்திலிருந்து தப்பித்தேன் என்று கண்ணைத் திறந்தேன்.

றோசலின் எழுந்து நின்றிருந்தாள். அதே அஞ்சு சுரத்தில், தனியாகப் பதில் பாடினாள்.

"என்னென்னமோ கேக்குறீங்க, வெறகுக்கெப்போ போறீங்க."

இன்னொன்று வாசித்தேன். அதற்கும் பதில் வந்தது. ஒவ்வொன்றும் முதல் சுரத்தில் சரியாக வீடு திரும்பியது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, அவமானத்தை மறந்து நானே அடுத்த பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

முடிந்ததும் ஜோர்ஜ் மாஸ்டர் என் பக்கம் வந்தார். கைகொடுக்கத்தான் வருகிறார் என்று கையைத் துடைத்துக்கொண்டேன். அவர் என்னைத் தாண்டிக் கீழே இறங்கிப் போய் றோசலினிடம், யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டார்.

"கொழுந்தெடுக்கையில தினமும் ஒருத்தி பாடுவா, மத்தவ பதில் கட்டுவா. இதுல பழக என்னங்க இருக்கு?"

"ஞாயித்துக்கிழமை ஹட்டனுக்கு ஒத்திகைக்கு வர முடியுமாம்மா?"

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என்னை மிகுந்த மரியாதையோடு ஒரு பார்வை பார்த்தாள்.

"வரலாமுங்க. வெறகுக்கு அவரு போறாரு."