மகளுக்கு ஒரு விண்வெளிப் பெயர்

"ஸோர்வினா!" என்று லிஃப்ட் மெக்கானிக் தொட்டிலைப் பார்த்துக் கம்பீரமாக அழைத்தான். பிறந்து பத்தொன்பது நாளான மகள் கொட்டாவி விட்டாள். தொட்டில் விளிம்பில் அந்தப் பெயரை நீலப் பெயிண்டில் எழுதி முடித்து, பிரஷைக்கூட அவன் இன்னும் கீழே வைக்கவில்லை.

"யாரைக் கேட்டு எழுதினீங்க?" என்றாள் மனைவி.

"யாரைக் கேக்கணும்? நானே யோசிச்ச பேரு. இவ பெரியவளாகி செவ்வாய் கிரகத்துக்குக் கப்பல் ஓட்டறப்போ, 'கேப்டன் ஸோர்வினா'ன்னு மைக்ல கூப்பிட்டா எப்படி இருக்கும்!"

அவன் வேலை பதினாலாவது மாடியோடு முடிந்துவிடும். விஞ்ஞானக் கதைகளைக் கட்டுக்கட்டாகப் படித்துப் படித்து, மனசு மட்டும் அதற்கு மேலேயும் போய்க்கொண்டிருக்கும்.

மனைவி மருந்துக்கடையில் பதினொரு வருஷமாக மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். இப்போது பிரசவ லீவு. பெயரை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தாள்.

"அது மூலத்துக்குத் தடவுற களிம்புங்க."

அவன் அசரவில்லை. "ஓர் எழுத்தை மாத்தினா தீர்ந்தது!" என்று 'னா'வைச் சுரண்டி 'லா' ஆக்கினான். "ஸோர்விலா! இப்போ என்ன சொல்றே?"

"பேதி மாத்திரை. ஒண்ணு போட்டாலே போதும்."

'ஸோ' போய் 'ஜோ' வந்தது.

"ஜோர்விலாவா? குடல் பூச்சிக்கு. நல்லாக் குலுக்கிட்டுக் குடிக்கணும்."

"அதெப்படி எல்லாப் பேரும் மருந்தாவே இருக்கும்?"

"மருந்துக் கம்பெனிக்காரனும் உங்களை மாதிரிதானே, யாருக்கும் புரியாத பேராத் தேடறான்?"

தொட்டில் விளிம்பு சொறி பிடித்தது போல ஆகியிருந்தது. பெயரைப் பதிவு செய்ய மறுநாள்தான் கடைசி நாள். இருந்தாலும் நம்பிக்கையோடு வால்பக்கம் 'க்ஸ்' சேர்த்தான்.

"ஜோர்விலாக்ஸ்! இது எந்தக் கம்பெனிக்காரன் கனவுலயும் வந்திருக்காது!"

மனைவி அவனைப் பாவமாகப் பார்த்தாள். "இது மனுஷங்களுக்கே இல்லீங்க. மாட்டுக்கு உண்ணி போக அடிக்கிறது."

அவன் பொத்தென்று உட்கார்ந்தான். பள்ளிக்கூட வாசலில் பத்துப் பிள்ளைகள் தன் மகளை 'உண்ணி மருந்து' என்று கூப்பிட, அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிவருவது போலத் தோன்றியது. குழந்தையை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"சரி, நீயே ஒரு பேரு சொல்லு."

"இளவேனில்" என்றாள், அடுத்த நொடியே.

"இதுல மருந்து எதுவும் இல்லியே?"

"இந்தப் பதினொரு வருஷத்துல நான் பாத்ததில்லை."

மறுநாள் காலையில் இளவேனில் என்றே பதிவு செய்தான். சாயங்காலம் குழந்தையைப் பார்க்க மருந்துக்கடை முதலாளியம்மா வந்தார். மனைவி கண்ஜாடை காட்டியும்கூட அவன் நிறுத்தவில்லை.

"உங்க கடைக்குப் பயந்தே நல்ல பேரா வெச்சுட்டோம்மா. மூலம், பேதி, பூச்சி... கடைசியா நான் சொன்ன பேரு மாட்டு மருந்தாம்!"

முதலாளியம்மா அவன் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, மாட்டு மருந்து வரைக்குமா போனே? என் வீட்டுக்காரரை நான் இருமல் மருந்துலயே மடக்கிட்டேன்னுதானே உனக்குச் சொல்லிக் குடுத்தேன்!"