ஆணிக்கு ஒரு படம்

"எத்தனை பேருண்ணே?"

கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய காருக்குப் பின்னால் பிணவண்டி ஒன்று ஓரங்கட்டி நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் தலையை மட்டும் வெளியே நீட்டியிருந்தார்.

"யாருமில்லப்பா. சும்மா இந்த மரத்தை எடுக்கலாம்னு வந்தேன்."

ஓட்டுநர் மரத்தை மேலும் கீழும் பார்த்தார். "மரத்துலயா மோதினாங்க?"

"யாரும் மோதல. மரம் நல்லாருக்கு, அதான்."

"சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்கண்ணே. அதுக்காக மரம் நல்லாருக்குன்னெல்லாம் சொல்லாதீங்க."

அவர் கோபித்துக்கொண்டதிலும் தப்பில்லை. பழைய நெடுஞ்சாலையில் எங்கே வண்டி நசுங்கினாலும் காவல் நிலையத்திலிருந்து முதல் அழைப்பு இந்தப் படக்காரருக்குத்தான் போகும். அவர் எடுத்து முடிக்கும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. கிடந்தது கிடந்தபடி, உருண்டது உருண்டபடி எடுப்பார். அதற்குப் பிறகுதான் கிரேன், அதற்கும் பிறகுதான் பிணவண்டி. இருபத்திரண்டு வருடங்களாக இதுதான் வரிசை. சாலை முழுக்க அவருக்குக் ‘கடைசிப்படம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

இன்றைக்கு அவர் விடுப்பில் இருந்தார். மகள் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தாள். முன்னறைச் சுவரில் ஆணி ஒன்றை அடித்து வைத்துவிட்டு, "அப்பா, உங்க கையால எடுத்த படம் ஒண்ணு இங்க மாட்டணும். ஆனா அதுல யாரும் செத்திருக்கக் கூடாது," என்று கேட்டிருந்தாள்.

அவரும் பெட்டி பெட்டியாகத் தேடிப் பார்த்தார். ஒன்றுகூடத் தேறவில்லை. ஆள் இல்லாத படங்களில் செருப்பு கிடந்தது. செருப்பு இல்லாத படங்களில் கண்ணாடிச் சில்லு கிடந்தது. மகளையாவது சின்ன வயதில் நாலு படம் எடுத்திருக்கலாம். "அந்தக் கண்ணை என் பிள்ளை பக்கம் திருப்பாதீங்க," என்று மனைவி அப்போதே கேமராவைப் பறித்துப் பீரோமேல் வைத்துவிட்டாள். மகள் தவழ்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் ஸ்டூடியோக்காரர் எடுத்தவைதான். அந்த வெற்று ஆணிக்காகப் புதிதாகவே ஒன்று எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமையா லீவு?" என்று நிலையத்து ஏட்டு தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தச் சாலை எந்த ஞாயிற்றுக்கிழமையையும் சும்மா விட்டதில்லை. ஒரு பிணமாவது விழும். சில வாரம் மூன்று. படக்காரர் ஆணிக் கதையைச் சொன்ன பிறகுதான் ஏட்டு மனமிரங்கினார்.

அப்படிக் கேட்டு வாங்கிய விடுப்பில் செல்போனை ஊமையாக்கிவிட்டுத் தன்னந்தனியாகக் கிளம்பியவருக்கு, முதல் மரத்தடியிலேயே துணை கிடைத்துவிட்டது.

மரத்தை விட்டுவிட்டுக் காரை எடுத்தார். பிணவண்டியும் எடுத்தது. வேகமாகப் போனால் விட்டுவிடும் என்று நினைத்தார். வாழ்நாளில் நாற்பதைத் தாண்டாத மனிதர் எழுபதில் பறந்தார். கடைசிப்படம் பறக்கிறார், பின்னால் பிணவண்டி பறக்கிறது என்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? பட்டறை வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த கிரேன்காரர் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் கிரேனில் ஏறிப் பின்தொடர்ந்தார். அடுத்த முக்கில் இன்னொரு பிணவண்டி சேர்ந்துகொண்டது.

மூடிக் கிடந்த பழைய பெட்ரோல் பங்க் ஒன்று வந்தது. துருப்பிடித்த பம்பின் மேல் நல்ல வெயில் விழுந்திருந்தது. நிறுத்தி இறங்கினார். அவர் கேமராவைத் தூக்குவதற்குள் கிரேன் பம்பை மறைத்துக்கொண்டு நின்றது. எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரம்மா வெளியே ஓடிவந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை ஒருதடவை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

"இங்கயாண்ணே?" என்றார் கிரேன்காரர்.

படக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. இவர்களைத் தொலைத்தால் போதும் என்று, "சரி, சொல்லிடறேன். நாப்பத்திரண்டாம் கல்லு, பாலத்துக்கிட்ட. நீங்க முன்னால போங்க," என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்.

"அப்படி வாங்க வழிக்கு," என்று மூன்று வண்டிகளும் சைரன் போட்டுக்கொண்டு பறந்தன.

டீக்கடைக்காரம்மா பக்கத்தில் வந்தார். "பெருசாங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. பம்பை இந்தப் பக்கமாக எடுக்கலாமா அந்தப் பக்கமாக எடுக்கலாமா என்று அவர் பார்ப்பதற்குள், பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள். முதலில் ஒரு கார் என்றார்கள். பிறகு வேன் என்றார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பத்து நிமிடத்தில் ஒரு பஸ் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்துவிட்டது.

பேசாமல் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. போய் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று பாலத்துக்கே போனார்.

பாலத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போதே வண்டிகள் தேங்கிவிட்டன. காரை விட்டுவிட்டு நடந்தார். பாலத்தின் கைப்பிடிச் சுவர் நெடுகக் கூட்டம். எல்லோரும் கீழே ஓடிய முழங்காலளவுத் தண்ணீரில் பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் கழுத்தில் கேமராவைக் கண்டதும் கூட்டம் தானாக வழிவிட்டது. ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"யாரும் சாகலைங்க. நான் சொன்னது பொய்யி," என்றார் உரக்க.

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க," என்றது ஒரு குரல்.

"சொந்தக்காரங்க நிக்கிறாங்கல்ல, அதான் மறைக்கிறாரு," என்றது இன்னொன்று.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்து அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள். "சிவப்பு லாரிண்ணே. கண்ணாடிக்கு மேல மஞ்சப் பட்டை. எங்க வீட்டுக்காரரு. ஒன்பது மணியிலிருந்து போன் கிடைக்கல. படத்தைக் காட்டுங்க, நான் தாங்கிக்குவேன்."

"படமே இல்லம்மா. பாரு," என்று கேமராவைத் திருப்பிக் காட்டினார்.

வெறுமையாக இருந்த திரையை அவள் நெடுநேரம் பார்த்தாள். "அழிச்சிட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவருக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல் இருந்தது. கிரேனும் இரண்டு பிணவண்டிகளும் தயாராகவே நின்றன.

அவளை விட்டுப் போக மனமில்லை. பக்கத்திலேயே நின்று, ஊர்ந்து வரும் ஒவ்வொரு லாரியையும் பார்த்தார். ஒரு மணி நேரம் போயிற்று. சிவப்பில் நாலு போயின, ஒன்றிலும் மஞ்சள் பட்டை இல்லை. ஒவ்வொரு தடவையும் அவளுடைய பிடி இறுகியது.

ஐந்தாவதாக வந்ததில் பட்டை இருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு மனிதர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவள் ஓடிப்போய்ப் படியில் ஏறி அவருடைய காலரைப் பற்றி இழுத்தாள். "போன் எங்கய்யா, போன் எங்க," என்று தோளில் மாறி மாறி அடித்தாள். "சார்ஜ் இல்லடி," என்று அவர் விழித்தார். அடித்தவள் அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

படக்காரரின் கை தானாகக் கேமராவைத் தூக்கி அழுத்திவிட்டது. எடுத்த கணமே தெரிந்தது, இதுதான் அந்த ஆணிக்கு உரியது என்று. அவர் வாழ்நாளில் எடுத்த ஒரே நல்ல படம் அது.

சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். அவள் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அழிச்சிடுங்கண்ணே. உங்க கேமராவுல விழுந்தவங்க யாரு வீடு திரும்பியிருக்காங்க?"

அவள் பார்க்கப் பார்க்க அழித்தார். லாரி அவளையும் ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போயிற்று.

நெரிசலிலிருந்து கார் வெளியே வரவே சாயங்காலம் ஆகிவிட்டது. செல்போனை எடுத்துப் பார்த்தார். பதினோரு தடவை கூப்பிட்டிருந்தார்கள், அத்தனையும் நிலையத்திலிருந்து. புரளி கிளப்பியதற்கு வேலை போகும், அது கிடக்கட்டும். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எங்கேயோ எவரையோ படம் எடுக்க ஆளில்லாமல் காலையிலிருந்து வெயிலில் கிடத்தியிருப்பார்கள். மகள் வீட்டுக்குப் போகிற திருப்பத்தைத் தாண்டி நேரே நிலையத்துக்குப் போனார்.

ஏட்டு மேசையில் விபத்துப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படக்காரர் உட்காரவில்லை. மரத்தில் தொடங்கி, பொய், பாலம், லாரிக்காரர் மனைவி, அழித்த படம்வரை ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

"சரி, சொல்லுங்க ஏட்டய்யா," என்றார் கடைசியில். "எத்தனை பேரு?"

"நான் பதினோரு தடவை கூப்பிட்டேன்ல, அதுல பத்து தடவை உங்களைத் திட்டத்தான் கூப்பிட்டேன்," என்றார் ஏட்டு. "மொத்த ரோட்டையும் நத்தை மாதிரி ஊர வச்சிட்டீங்க. இன்னிக்கு அதுல எவனாலயும் இருபதைத் தாண்ட முடியல."

"பதினோராவது?"

ஏட்டு பதிவேட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். பக்கத்தின் தலையில் இன்றைய தேதி இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"பொண்ணு ஆணி அடிச்சு வச்சிருக்குன்னீங்களே," என்றார் ஏட்டு. "இந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்துட்டுப் போங்கண்ணே."